புறவு என்றால் காடு: பழனிமலைக் காட்டுப்புறாவின் பெயர்களை முன்வைத்து

பறவை நூல்கள் எல்லாவற்றிலும் இந்தப் புறாவைக் கண்டுகொள்ள முதலில் சொல்லப்படும் வழி ஒன்றுதான்: பிடரியைப் பார். கறுப்பு இறகுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை. கழுத்துக்குப் பின்னால் யாரோ ஒரு சின்னச் சதுரங்கப் பலகையை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். மற்றபடி சாம்பல் நிறத் தலை, செம்பழுப்பு முதுகு, அடியில் சிவந்து நுனியில் வெளுத்த அலகு. கோயில் கோபுரத்தில் குனுகும் மாடப்புறாவைவிட நன்றாகவே பெரியது. நாற்பது சென்டிமீட்டரைத் தொடும். மகாபலேஷ்வர் பக்கமிருந்து தெற்கே நீலகிரி, ஆனைமலை, பழனிமலை வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழிவுக்கு இலக்காகக்கூடியது' என்ற வகையில் இருக்கிறது. முதிர்ந்த பறவைகள் மொத்தம் பத்தாயிரத்துக்குள்தான் இருக்கும் என்பது மதிப்பீடு.

சரி, பிடரியைப் பார்ப்பது எப்படி? இந்தப் பறவை பெரும்பாலும் சோலைமரங்களின் உச்சியில் பழம் தின்றுகொண்டிருக்கிறது. நாம் கீழே அட்டைகளுக்கு நடுவில் நிற்கிறோம். நமக்குத் தெரிவது அதன் வயிறு. கீழே விழுந்த பழம் பொறுக்க அது தரையிறங்கும் நேரம் வாய்த்தாலொழிய, பிடரியை நிதானமாகப் பார்க்க ஒரு வழிதான் உண்டு: பறவை செத்து நம் கையில் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இதை ஒரு சிக்கலாகவே நினைக்கவில்லை. முதலில் துப்பாக்கி, பிறகு தோலுரித்துப் பஞ்சடைப்பு, பிறகு காலில் ஒரு சீட்டு, அதற்குப் பிறகுதான் பெயர். இன்று தொலைநோக்கியோடு காட்டுக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் அடையாளக் குறிப்புகளில் பல, மேசைமேல் மல்லாந்தும் குப்புறவும் கிடந்த பறவையை வைத்து எழுதப்பட்டவை. வகைப்பாட்டுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டித் தமிழில் நிறையவே பேசிவிட்டோம். நான் இங்கே பேச நினைப்பது அந்த மேற்கோளைப் பற்றி அல்ல, ஒரு புறாவைப் பற்றி.

அதன் லத்தீன் பெயர் கொலம்பா எல்ஃபின்ஸ்டோனி. பெயர் வைத்தவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ், பம்பாய்ப் படையின் அதிகாரி. 1817-18இல் பேஷ்வாவின் ஆட்சி முடிவுக்கு வந்த சண்டைகளில் பங்கெடுத்தவர். அப்போது புனாவில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்து அந்த முடிவை நடத்திவைத்தவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன். அவர் 1819 முதல் 1827 வரை பம்பாய் கவர்னர். 1824இல் அவர்தான் சைக்ஸைப் பம்பாய் அரசின் புள்ளிவிவர அதிகாரியாக நியமித்தார். புதிதாகக் கைக்கு வந்த தக்காணத்தில் எத்தனை கிராமம், எத்தனை வீடு, எத்தனை ஏர், எவ்வளவு மழை, என்ன விளைச்சல் என்று கணக்கெடுப்பது வேலை. அந்தக் கணக்கின் ஓரத்தில் பறவைகளையும் சைக்ஸ் சேகரித்தார். லண்டன் திரும்பி 1832இல் விலங்கியல் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் தக்காணத்துப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டார். தன்னை நியமித்தவரின் பெயரை இந்தப் புறாவுக்கு வைத்தார். பிறகு லண்டன் புள்ளியியல் கழகத்தின் தோற்றுநர்களில் ஒருவராகவும், 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராகவும் ஆனார். புள்ளையும் புள்ளியையும் ஒரே கை எழுதியது. தமிழில் இப்படி ஒரு சொற்பொருத்தம் அமைந்தது தற்செயல்தான் என்றாலும், நடந்தது தற்செயல் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சைக்ஸ் இதைப் பழப்புறாக்களின் பேரினமான டிலினோபஸில் சேர்த்திருந்தார். அது பச்சையும் மஞ்சளுமாகத் தென்கிழக்காசியத் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பறந்து திரியும் கூட்டம். பின்னால் வந்தவர்கள் பேரினத்தைத் திருத்திக் கொலம்பாவுக்குள், அதாவது நம் மாடப்புறாவின் பெரிய குடும்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். பறவை எங்கே சேரும் என்பது திருத்தப்பட்டது. கவர்னரின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பெயரிடலின் விதி அது: முதலில் வைத்த சிறப்புப்பெயரை யாரும் எடுக்க முடியாது.

இதன் நெருங்கிய உறவு இலங்கையின் மத்திய மலைநாட்டில் இருக்கிறது. அதற்கும் பிடரியில் அதே மாதிரியான கட்டம். அதன் பெயர் கொலம்பா டாரிங்டோனியே. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியைக் கடுமையாக அடக்கி, அதனாலேயே திரும்ப அழைக்கப்பட்ட இலங்கை ஆளுநர் டாரிங்டன் பிரபுவின் பட்டப்பெயர் அது. ஆக, தென்னாசியாவின் இரண்டு மலைப்புறாக்கள் இரண்டு கவர்னர்களின் பெயரைச் சுமக்கின்றன. இரண்டும் தரையில் நடக்கும் போது தலையை ஆட்டுவதைப் பார்த்து யாராவது கவர்னர்களை நினைத்துக்கொண்டால் அது அவரவர் சௌகரியம்.

ஆங்கிலப் பொதுப்பெயரோ 'நீலகிரி' காட்டுப்புறா. தமிழில் அதையே மொழிபெயர்த்து நீலகிரிக் காட்டுப்புறா என்கிறோம். பழனிமலைச் சோலையில் பிறந்து பழனிமலைச் சோலையில் சாகும் ஒரு பறவைக்கு அறிவியல் பெயர் பம்பாயிலிருந்தும் வழக்குப் பெயர் ஊட்டியிலிருந்தும் வந்திருக்கிறது. பழனிமலைக்கு இது புதிதில்லை. 1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்தார். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேலே ஏறினார். அடுத்த ஆண்டு சென்னை இலக்கிய அறிவியல் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பில் மலையின் பெயர் 'வராககிரி அல்லது பழனிமலை' என்று இருக்கிறது. கட்டுரை வகையோ 'புள்ளிவிவரக் குறிப்புகள்'. இங்கேயும் புள்ளிதான். வராககிரி என்ற பெயர் இன்று புழக்கத்தில் இல்லை. மலைக்கே இந்தக் கதி.

*

1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார்கள் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்த பயம்தான் அவர்களை மேலே துரத்தியது. ஊர் வளர்ந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் 1863இல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். நாம் இன்று படகு விடும் 'இயற்கை அழகு' அது.

கோடைக்கானலுக்கு ஓய்வெடுக்க வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் ஃபேர்பேங்க். அகமத்நகரில் வேலை செய்த அமெரிக்க மராத்தி மிஷன் பாதிரியார். பறவைகளிலும் நத்தைகளிலும் பிரியம். அவர் பழனிமலையில் சேகரித்து அனுப்பியவற்றைப் பார்த்து நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் 1868இலும் 1869இலும் இரண்டு புதிய பறவைகளை விவரித்தார். ஒன்று இன்று சோலை என்ற தமிழ்ச் சொல்லைத் தன் அறிவியல் பேரினப் பெயருக்குள் கொண்டிருக்கும் சின்னப் பறவை. மற்றொன்று ஃபேர்பேங்கின் பெயர் தாங்கிய பழனிச் சிரிப்பான். 'ஷோலிகோலா' என்ற அந்தப் பேரினப் பெயர் 2017இல்தான் வந்தது. மரபணுவைப் படித்த இந்திய ஆய்வாளர்கள் வைத்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தாவது சோலை என்ற சொல் லத்தீனுக்குள் நுழைந்ததே என்று எனக்கு அற்ப சந்தோஷம்.

ஃபேர்பேங்க் 1877இல் பழனிமலைப் பறவைகளின் பட்டியலொன்றை 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற இதழில் வெளியிட்டார். இதழை நடத்தியவர் ஆலன் அக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களின் வரிசையில் நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே ஹியூம்தான். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களையும் முட்டைகளையும் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், அதுவும் 1885இல். இருபத்தைந்து வருடமாக எழுதிவைத்த கைப்பிரதிகளை வேலைக்காரன் சிம்லா கடைவீதியில் பழைய பேப்பராக விற்றுவிட்டான் என்பதும் கதையின் பகுதி. வேலைக்காரனுடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த அறிவு முழுக்கவும் யாருடைய கண்ணால் உண்டானது? துரையைச் சோலைக்குள் கூட்டிப்போனது யார்? புறா எந்த மாதத்தில் எந்த மரத்துக்கு வரும் என்று அவருக்குச் சொன்னது யார்? பழனிமலையில் பளியர்களும் புலையர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுக்கிறவனுக்கு எந்த மரம் எப்போது பழுக்கும் என்பது வயிற்றுப்பாடு. ஜெர்டன் போன்ற சிலர் தங்கள் நூல்களில் நாட்டுப்பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் சொன்னவன் பெயர் அடிக்குறிப்பிலும் கிடையாது. 'அடையாளம் காணுதல்' என்பதில் காணப்படுவது பறவை மட்டும்தான். காட்டியவன் அடையாளமற்றுப் போகிறான்.

குக்கல் சோலைப் பக்கம் ஒருமுறை நடந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து 'ஊஉ' என்று கனத்த ஒரு குரல், அதைத் தொடர்ந்து தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று 'ஹூ ஹூ'. கூட வந்த காவலர் நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "குரங்குன்னு நெனச்சிராதீங்க சார். கட்டப் புறா. கருமந்தி கத்துனா மரம் ஆடும், இது கத்துனா ஆடாது." எந்தக் கையேட்டிலும் இந்த வாக்கியம் இல்லை. கையேடுகள் 'லங்கூரைப் போன்ற குரல்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பிடரி தெரியாத இடத்தில் உதவுவது இவருடைய இலக்கணம். இதே சோலைகளில் மலைக் கருடப்புறா என்று சொல்லப்படும் இன்னொரு பெரிய புறாவும் உண்டு. வெளிறிய தலை, பழுப்பு முதுகு, வால் நுனியில் வெளிர்ப்பட்டை. பிடரியில் கட்டம் கிடையாது. முழங்குகிற மாதிரி அடித்தொண்டையில் குரல் கொடுக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். காதை நம்புகிறவர் குழம்புவதில்லை.

*

தமிழ்க் கல்வியின் பக்கம் திரும்புவோம். எம்.ஏ. வகுப்பில் ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்யாதவர் யார்? தொல்காப்பியர் கருப்பொருள் வகைகளில் ஒன்றாகப் 'புள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எந்தத் திணைக்கு எந்தப் புள் என்று கட்டம் போட்டுப் பூர்த்தி செய்தவர்கள் உரையாசிரியர்களும் நம்பியகப்பொருள் போன்ற பின்னாளைய இலக்கணங்களும்தான். அந்தக் கட்டத்தில் குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும். புறா எங்கே? பாலையில், பருந்தோடும் கழுகோடும். பாலை வழியில் வெயில் தாளாத பெடைக்குச் சிறகால் விசிறும் புறவைக் கலித்தொகை காட்டுகிறது. பிரிந்துபோகும் தலைவனுக்கு அது ஒரு நினைவூட்டல். அழகான பிரதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது வறண்ட காட்டின் சிறு புறா. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், மஞ்சுக்குள் உட்கார்ந்து பழம் விழுங்கும் புறாவுக்குத் திணை அட்டவணையில் இடம் கிடைக்கவில்லை. சைக்ஸ் பேரினத்தை மாற்றிவைத்தார் என்று சிரித்தோமே, நம் இலக்கணக்காரர்கள் மலைப்புறாவைக் கட்டத்துக்குள்ளேயே விடவில்லை.

பி.எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதியபோது செய்தது முக்கியமான காரியம். பழைய பெயரை உயிருள்ள பறவையோடு பொருத்திப்பார்க்க அவர் விலங்கியல் நூல்களையும் புரட்டினார். அவருக்குப் பிறகு தமிழ்த்துறைகள் அந்த வழியில் எத்தனை தூரம் போயின என்று கேட்டால் பதில் வெட்கமாக இருக்கும். சங்கப்பாடல் பறவைகளைப் பற்றி ஆய்வேடுகள் குவிகின்றன. அவற்றில் பாதிப்பேர் ஒரு சோலைக்குள்ளும் கால் வைத்ததில்லை என்பது என் கணிப்பு.

ஆனால் மொழி அட்டவணையைவிடப் பெரியது. 'புறவு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புறவு என்றால் புறா. புறவு என்றால் காடு, முல்லைநிலம் என்றும் பொருள். சீர்காழியின் பன்னிரண்டு பெயர்களில் ஒன்றான புறவம், புறாவின் கதையால் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அகராதியோ புறவத்துக்குக் காடு என்ற பொருளையும் தருகிறது. இரண்டு சொற்கள் ஒலியால் ஒன்றாகிப்போனவையா, ஒரே வேரா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். புழக்கத்தில் அது ஒரே சொல். பறவையையும் அதன் இருப்பிடத்தையும் பிரிக்காமல் சொல்லும் ஒரு வார்த்தை நம்மிடம் இருந்திருக்கிறது. நாம் அதற்கு உரை எழுதும்போது இரண்டாகப் பிரித்து எண் போட்டுக்கொண்டோம்.

புறாவைக் காப்பாற்றிய முதல் கதையும் நம்மிடம் இருக்கிறது. பருந்துக்குத் தப்பிவந்த புறவுக்காகத் தன் உடம்பை அறுத்துத் தராசில் வைத்த சிபி. புத்த ஜாதகத்திலும் பாரதத்திலும் வரும் அவனைச் சோழர்கள் தங்கள் முன்னோனாக ஆக்கிக்கொண்டார்கள். செம்பியன் என்ற பெயருக்கே அதுதான் விளக்கம். புறநானூற்றில் சோழனைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சிலம்பில் கண்ணகி பாண்டியன் முன்னால் தன் ஊரைச் சொல்லும்போதும் இதைத்தான் முதலில் எடுக்கிறாள். இந்தக் கதையில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று: பருந்தின் பசியும் அங்கே நியாயமாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. புறாவைக் காப்பாற்ற வேண்டுமானால் யாரோ விலை கொடுத்தாக வேண்டும் என்பது கதைக்குத் தெரியும். விலையை அரசன் தன் தொடையிலிருந்து கொடுத்தான்.

2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். காட்டுப்புறாவுக்கு இது நல்ல செய்திதான், சந்தேகமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் துப்பாக்கியை நிறுத்தியது. சரணாலயம் கோடரியையும் பட்டாவையும் ஓரளவு நிறுத்தும். ஆனால் தராசின் மறுதட்டில் வைக்கப்படுவது யாருடைய தசை? தேன் எடுக்கப் போனால் கேள்வி, விறகுக்குப் போனால் கேள்வி, கிழங்குக்குப் போனால் கேள்வி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமைக்காகப் பளியர்கள் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாம்பார் சோலையின் விளிம்பில் பாதரச வெப்பமானி ஆலை நடந்தபோது, 2001இல் அது மூடப்படும்வரை, அந்த மலையின் தொழிலாளிகள் நுரையீரலால் விலை கொடுத்தார்கள். ஆலையை அங்கே அனுமதித்தவர்களின் தொடையில் ஒரு கீறலும் விழவில்லை. சூழலியல் பேசும் நண்பர்களில் சிலர் இந்த இடத்தில் எரிச்சலடைகிறார்கள்: பறவையைப் பற்றிப் பேசும்போது எதற்கு சாதி, வர்க்கம் என்கிறார்கள். பறவைக்குப் பெயர் வந்த வரலாற்றில் அவை இருக்கும்போது, பறவை பிழைக்கும் வரலாற்றில் இல்லாமல் போய்விடுமா?

*

இனி, காட்டை அடையாளம் காணுதல். புறாவை அடையாளம் காண்பதைவிட இது சிக்கலானது என்று எனக்குத் தோன்றுகிறது.

மேல் பழனிமலையின் இயல்பான தோற்றம் புல்வெளியும் சோலையும். மலைமுதுகு முழுக்கப் புல். நீர் ஓடும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குட்டை மரக்காடு. காலனிய வருவாய்த்துறைக்குப் புல்வெளி என்றால் தரிசு. மரம் இல்லை, வரி இல்லை, ஆகவே வீண். அந்த அகராதியைச் சுதந்திர இந்தியாவின் வனத்துறை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில், மலைக்காரர்கள் சீகை என்கிறார்களே அது, யூகலிப்டஸ், பைன் மூன்றும் 1950களுக்குப் பிறகு பெருமளவில் புல்வெளிகளில் நடப்பட்டன. தோல் பதனிடப் பட்டை, கூழ் ஆலைகளுக்குக் கட்டை, ஊருக்கு விறகு. வெள்ளைக்காரன் பேரில் எல்லாப் பழியையும் போட்டுவிடுவது நமக்கு வசதி. ஆனால் பழனிமலைப் புல்வெளியின் பெரும்பகுதியைத் தின்றது நம்முடைய ஐந்தாண்டுத் திட்டங்கள்தான். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நாற்பதாண்டில் பழனிமலையின் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. மரத்தோட்டமும் விவசாயமும் அதை எடுத்துக்கொண்டன. சோலையும் சுருங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் கணக்கில் காடு குறையவில்லை! இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு ஹெக்டேரில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால் அது வனப்பரப்பு. எந்த மரம், யார் நட்டது என்ற கேள்வி கிடையாது. மேலிருந்து பார்க்கிற செயற்கைக்கோளுக்குப் பச்சை என்றால் பச்சை. நாம் புறாவின் வயிற்றைக் கீழேயிருந்து பார்த்துக் குழம்புகிறோம். அரசாங்கம் காட்டின் பிடரியை மேலேயிருந்து பார்த்துக் குழம்புகிறது. பைன் தோப்பில் சுற்றுலாப் பயணிகள் சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்களே, அங்கே ஒரு காட்டுப்புறாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது. அதற்கு வேண்டியது காட்டு லவங்கம், லிட்சியா போன்ற லாரேசியே குடும்பத்து மரங்களின் பழம், காட்டு நாவல் வகைகள், இவற்றோடு கொஞ்சம் நத்தையும் பூச்சியும். இவை ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒரு சோலையில் தீர்ந்தால் அடுத்த சோலைக்குப் போக வேண்டும். ஆகவே அதற்கு ஒரு சோலை போதாது, சோலைகளின் வரிசை வேண்டும். ஆனைகட்டி சாலிம் அலி மையத்தின் ஆய்வாளர்கள் நீலகிரியில் வருடக்கணக்காக இதன் உணவு மரங்களைப் பின்தொடர்ந்து பட்டியலிட்டிருக்கிறார்கள். சைக்ஸின் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முக்கியமாகப்படுகிறது: அங்கே பறவை ஒரு பொருள், இங்கே பறவை ஒரு நடமாட்டம்.

இந்த நடமாட்டம்தான் இப்போது விவாதத்தின் மையம். 1988 தேசிய வனக் கொள்கை காட்டை வருமானமாகப் பார்ப்பதைக் கைவிடச் சொன்னது. மலைகளில் அந்நிய மரம் நடுவது நின்றது. வாட்டில் வெட்டுவதும் பல இடங்களில் நின்றது. வெட்டாமல் விட்ட வாட்டில், பைன் தோப்புகளின் நிழலில், யாரும் நடாமலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வந்தன. விதையைக் கொண்டுவந்தது யார்? பழந்தின்னிப் பறவைகளும் விலங்குகளும். பெரிய விதையுள்ள பழத்தை முழுதாக விழுங்கித் தூரத்தில் போடக்கூடிய பறவைகள் மேல் மலையில் சிலவே. பெரிய புறாக்கள் இரண்டும் அவற்றில் அடக்கம். வட்டக்கானல் பக்கம் இதைக் கண்ணால் பார்க்கலாம். பைன் மரத்தடியில் ஆளுயரத்துக்குச் சோலை எழும்புகிறது.

தமிழக அரசு 2022இல் அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி இயல்சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அகற்ற வேண்டியவற்றில் வாட்டிலும் உண்டு. வெட்டினால் என்ன வரும்? புல்வெளி ஆதரவாளர்கள் புல் வரவேண்டும் என்கிறார்கள், நியாயம். அங்கே முதலில் இருந்தது அதுதான். புல்வெளியிலேயே பிறந்து வாழும் நீலகிரி நெட்டைக்காலி பழனிமலையில் அரிதாகிவிட்டது. வரையாட்டுக்கும் புல்தான் வேண்டும். மறுபக்கத்தினர், வாட்டிலை வெட்டி நிழலை எடுத்தால் உள்ளே முளைத்த சோலைக்கன்று வெயிலில் கருகும், வெட்டிய இடத்தில் புதைந்து கிடக்கும் வாட்டில் விதை லட்சக்கணக்கில் முளைக்கும், புல்லும் வராது சோலையும் வராது என்கிறார்கள். அவர்கள் சாட்சிக்குக் கூப்பிடுவது காட்டுப்புறாவை. நெட்டைக்காலியின் பேரில் ஒரு பழனிமலை, புறாவின் பேரில் இன்னொரு பழனிமலை. எந்தப் பறவையின் பெயரால் மலையை வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து டெண்டர் மாறும், கூலி மாறும், மன்னவனூரில் லாரி நிற்பதும் நிற்காததும் மாறும்.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். ஒரே விதி முழு மலைக்கும் ஒத்துவராது. மடிப்புகளில், ஓடையோரங்களில், பழைய சோலையின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தோப்புகளைப் புறாவிடம் விட்டுவிடலாம். அது வெட்டாமலேயே வேலையை முடித்துக்கொண்டிருக்கிறது. மலைமுதுகில், புல் இன்னும் உயிரோடிருக்கும் விளிம்புகளில், வாட்டில் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும், வருடா வருடம். அதற்கு இயந்திரம் வேண்டாம், ஆள் வேண்டும். அந்த ஆளாக யார் இருக்க வேண்டும், தினக்கூலியாகவா நிரந்தர வேலையாகவா என்பதை வனத்துறையின் செயல்திட்டத்தில் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். எந்த மடிப்பில் எந்த மரம் எந்த மாதம் பழுக்கிறது, புறா எங்கிருந்து எங்கே போகிறது என்ற குறிப்பேட்டை அந்த ஆள் தமிழில் எழுதட்டும், தன் பெயரைக் கீழே போட்டு.

மொரீஷியஸ் தீவில், நம்மாட்கள் கரும்புக்குப் போன அதே தீவில், டோடோ அழிந்தது பதினேழாம் நூற்றாண்டில். டோடோவும் புறாக் குடும்பம்தான். அதே தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைகள் என்ற நிலைக்கு வந்து, கூண்டில் வளர்த்து விட்டு, எலியையும் பூனையையும் பிடித்து, தீனி வைத்து, இன்று சில நூறாகியிருக்கிறது. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் வானத்தை மறைத்த பயணிப்புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1ஆம் தேதி சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. நம் காட்டுப்புறா இந்த இரண்டு நிலைகளிலும் இல்லை. கூண்டு தேவையில்லை. பருவத்துக்கு ஒரு கூட்டில் ஒரே ஒரு வெள்ளை முட்டை இடுகிறது. கூடு என்பதும் சும்மா நாலு சுள்ளியை அடுக்கிய தட்டு; கீழேயிருந்து பார்த்தால் முட்டை தெரியும் அளவுக்கு லேசானது. பெரும்பாலும் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் நடுவில். அதாவது கோடைக்கானலில் 'சீசன்' நடக்கும் மாதங்களில், பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், வத்தலக்குண்டு சாலையில் மைல்கணக்கில் கார்களும் நிற்கும் போது.

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. அதுவும் காட்டுப்புறாதான், இதே பழனிமலையின் கீழ்ச்சரிவுகளில், நடுமலைத் தோப்புகளில் தரையோடு தரையாகப் பச்சை மின்னித் திரிவது. அரசாங்கச் சுவர்களில் அதன் படத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், சில சுவர்களில் மாடப்புறாவுக்குப் பச்சை அடித்து வைத்திருக்கிறார்கள்.